கேட் ரெஜிஸ்டரின் பின்பக்கங்கள்

முன்பக்கங்களில் எழுத ஒன்றுமில்லை.
கத்திவாக்கத்துக்கு இந்தப்புறம்
உரக் கம்பெனியைப் பூட்டிப் பதினோரு வருஷம்.
பழைய இரும்பு எடுக்க வரும் லாரி,
மாதம் ஒருமுறை கரண்ட் ஆபீஸ் ஆள்,
கன்டெய்னர் வரிசையிலிருந்து இறங்கி
தண்ணீர் கேட்டு வரும் டிரைவர்.
அவ்வளவுதான்.

அதனால் பின்னாலிருந்து தொடங்கினேன்.

பிப்ரவரி 15. காலை 6.10. உள்ளே: பெண் வல்லூறு.
கொண்டுவந்தது: ஏதுமில்லை.
சுள்ளியில்லை, பஞ்சில்லை.
பிரில்லிங் டவரின் ஒன்பதாம் தட்டில்
பழைய யூரியாவும் எண்ணூர்ச் சாம்பலும் கலந்த புழுதியை
நெஞ்சால் அழுத்திக் குழித்தாள்.
விளிம்பிலிருந்து தூசி உதிர்ந்தது மட்டும் தெரிந்தது.
முட்டைகளை நான் பார்க்கவில்லை.
மார்ச் கடைசியில் மூன்று வெள்ளைத் தலைகள்
எட்டிப் பார்த்தபோது
பின்தேதியிட்டு எழுதிக்கொண்டேன்.

ஸ்டோரில் ஒரு தியோடலைட் கிடந்தது,
எந்தக் காலத்திலோ நிலம் அளந்தது.
அதில் எல்லாம் தலைகீழ்.
டவர் வானத்திலிருந்து தொங்கும்.
ஆண் பறவை இறக்கை மடித்துக்
கல்லாய் விழுந்ததை ஒரே ஒருமுறை பிடித்தேன்.
கண்ணாடிக்குள் அது
ஏறி, ஏறி, ஏறிப் போனது.
அதைப் பற்றி மேற்கொண்டு எழுத
ரெஜிஸ்டரில் கட்டம் கிடையாது.
பெயர், நேரம், வந்த காரியம், கையெழுத்து.

ஏப்ரல் 2. புறா, சாம்பல்.
ஏப்ரல் 2, மாலை. புறா, வெள்ளை வால்.
ஏப்ரல் 4. கிளி.
குஞ்சுகளின் சத்தம்: துருப்பிடித்த கதவை
யாரோ திறந்து திறந்து மூடுவதுபோல.

டவரடியில் இறகு கூட்டும்போது
அலுமினிய வளையங்கள் கிடைத்தன.
எண் பொறித்தவை. சிலவற்றில் கால் இன்னும் இருந்தது.
ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்தேன்.
ஒன்றில் போன் நம்பர்.

கொருக்குப்பேட்டை டில்லிபாபு ஸ்கூட்டரில் வந்தார்.
வந்த காரியம் என்ற இடத்தில்
"பைரி" என்று மட்டும் எழுதினார்.
பாட்டிலைக் கவிழ்த்து எண்ணினார்.
பதினேழு. அவருடையவை ஆறு.
"கூடூர்லேந்து ரெண்டு மணி நேரத்துல வந்துனுருந்த பெட்டைமா இது.
வூட்டுக்கு இன்னும் பத்து நிமிசம்."
ஸ்கூட்டர் பெட்டியில் கவண் இருந்தது.
நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.
பிறகு இருவரும் ஒன்பதாம் தட்டை அண்ணாந்து பார்த்தோம்.

ஞாயிறுதோறும் வந்தார். காரியம்: பைரி.
ஒற்றைக் கண்ணை மூடி, லென்ஸில் குனிந்து, திட்டிக்கொண்டே
"எப்டி கிள்ளிக் கிள்ளி ஊட்டுது பாரு" என்பார்.

மே 4. கடல்காற்று பலம்.
இரண்டு, புகைபோக்கி வரை பறந்துவிட்டன.
கடைக்குட்டி கன்வேயர் ஷெட்டின்
ஆஸ்பெஸ்டாஸில் மோதிச் சரிந்தது.
காக்கைகள் வந்துவிட்டன.
எனக்குக் கை நடுங்கியது.
டில்லிபாபு சட்டையைக் கழற்றிப் போர்த்தி
புறாவைப் பிடிப்பதுபோல
கால்களை விரலிடுக்கில் இறுக்கித் தூக்கினார்.
நகம் கட்டைவிரலில் இறங்கியது. விடவில்லை.
மற்றக் கையால் கழுத்தடியைத் தடவினார்,
இரைப்பை கெட்டியாக இருந்தது.
"புறா" என்றார்.
யாருடையது என்று நான் கேட்கவில்லை.

இரும்புப் படி இரண்டு இடத்தில் இல்லை என்று சொன்னேன்.
தலையாட்டிவிட்டு, சட்டையைப் பையாகக் கட்டிக்கொண்டு போனார்.
லென்ஸில் பார்த்தேன்:
வெற்று முதுகோடு ஒரு மனிதன்
வானத்திலிருந்து கீழே கீழே இறங்கிக்கொண்டிருந்தான்.
அவன் தலையைச் சுற்றி
பறவையொன்று சீறிச் சீறித் திரும்பியது.

5.40. வெளியே: டில்லிபாபு.
கையெழுத்தின் மேல் ரத்தம் பட்டு
மறுபக்கமும் தெரிந்தது.

மே 9. வெளியே: மூன்று குஞ்சுகள். கையெழுத்து இல்லை.

மே 11, ஞாயிறு.
டில்லிபாபு வந்தார்.
வந்த காரியத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு
உள்ளே போனார்.